முப்பத்தொரு தாள் நீளத்துக்கு ஒரு மெத்தட்

பெங்களூரில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் என் மகனுக்கு அம்மா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னாய்: "விசா வந்துருச்சும்மா. அடுத்த மாசம் அயர்லாந்துக்குக் கெளம்பணும். ஊருக்கு வர நேரம் இருக்காது, இங்கனயிருந்தே ஏறிக்கிறேன்." நான் சரிய்யா என்றேன். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டாய். சாப்பிட்டேன் என்றேன். போனை வைத்த பிறகு, அடுப்பில் பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். ஆறு வருஷமாக நாம் பேசிக்கொள்வது இவ்வளவுதான். நீ என்னிடம் ஒரு நாளாவது கோபமாகப் பேசியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியிருப்பேன். எனக்கு நன்றாகக் கத்த வரும் என்று சின்னமனூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரியும். நீ கோபப்படவே இல்லை. அதுதான் என்னை உள்ளே போட்டு அரிக்கிறது.

இதை நான் கவரில் போட்டு அனுப்பவில்லை. வாய்க்கால் சங்கத்துக் கட்டடத்தில் முறைப்பட்டியல் ஒட்டுகிற பலகை இருக்கிறதே, அதில் ஒட்டப் போகிறேன். சங்கத்து வாட்ஸப் குரூப்பிலும் போடுவேன். அங்கிருந்து உனக்கு வந்து சேரும். நாற்பது பேர் முன்னால் உன் மேல் ஒரு பழியைப் போட்டேன். அதை இறக்குவதும் அந்த நாற்பது பேர் முன்னால்தான் நடக்க வேண்டும். "வீட்டு விசயத்த எதுக்குச் சுவத்துல ஒட்டுற?" என்று உன் அப்பா கேட்டார். பழியை வீட்டுக்குள்ளா போட்டேன் என்று கேட்டேன்.

பலகையில் படிக்கிறவர்களில் புதிதாக இந்தப் பக்கம் நிலம் வாங்கி வந்தவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காக நம் வாய்க்கால் வழக்கத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆற்றில் தண்ணீர் குறைந்துவிட்டால் எல்லா வயலுக்கும் ஒரே சமயத்தில் பாய்ச்ச முடியாது. இன்ன வயலுக்கு இன்ன கிழமை, இத்தனை மணி நேரம் என்று முறை வைத்துத்தான் மடையைத் திறப்பார்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கருமாதி முடியும்வரை அந்த வீட்டார் வயலில் இறங்க மாட்டார்கள். அவர்கள் முறையைப் பக்கத்து வயலுக்குக் கொடுத்துவிட்டு, பதினாறு கழிந்ததும் விட்ட முறையைத் திருப்பிக் கொடுப்பார்கள். இதில் ஒரு விஷயம் முக்கியம். துக்க வீட்டுக்காரர் வந்து என் தண்ணீரைக் கொடுங்கள் என்று கேட்க மாட்டார். கேட்கவும் விடக்கூடாது. ஊர்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

முன்பெல்லாம் இதைத் துண்டுச் சீட்டில் எழுதி, வருஷா வருஷம் சண்டை நடக்கும். நான் அப்போது சின்னமனூரில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தேன். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், விடுமுறையில் பிள்ளைகளுக்கு வகுப்பு. முறைப்பட்டியல் போட ஒரு ப்ரோகிராம் எழுதித் தருகிறேன், அவரவர் போனுக்கு முதல் நாளே மெசேஜ் போய்விடும் என்று சங்கத்தில் சொன்னேன். "பொம்பள எழுதுன ப்ரோகிராம நம்பியா மடையத் தொறக்குறது?" என்று ஒருத்தர் சிரித்தார். அவர் இப்போது இல்லை, பெயர் வேண்டாம். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்வதற்காகவே நான் அதை எழுதினேன். ஏழு வருஷம் ஒரு முறைகூடத் தவறாமல் ஓடியது.

ஓடியதே தவிர, அது எப்படி ஓடியது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு போகத்துக்கும் யாராவது வந்து ஒரு வழக்கத்தைச் சொல்வார்கள். பொங்கலுக்கு மூன்று நாள் மடை அடைப்பு என்பார்கள். தூர் வாரும் நாளில் முறை தள்ளிப் போகும் என்பார்கள். அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் நேரத்தையும் பிரிக்க வேண்டும் என்பார்கள். நான் இடம் கிடைத்த பக்கமெல்லாம் ஒரு நிபந்தனையைச் செருகினேன். ப்ரோகிராமில் ஒரு வேலைக்கான கட்டளைகளை ஒன்றாகக் கட்டிப் பெயர் வைப்பதை மெத்தட் என்பார்கள்; எல்லாம் ஒரே மெத்தடுக்குள். ஒன்றுக்குள் ஒன்று, அதற்குள் இன்னொன்று.

நீ காலேஜில் கடைசி வருஷம் படிக்கும்போது தீபாவளி லீவுக்கு வந்தாய். திரையில் படிக்க முடியவில்லை என்று அந்த மெத்தடை நம் சென்டர் பிரிண்டரிலேயே எடுத்தாய். முப்பத்தொரு தாள். மைதாப் பசை காய்ச்சி ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டினாய். ஹாலில் சாமி படத்துக்குக் கீழே தொடங்கி, நடை வழியாகப் போய், அடுப்படியில் கிரைண்டருக்குப் பக்கத்தில் முடிந்தது. நீ கையில் சிவப்புப் பேனாவோடு முட்டி போட்டு நகர்ந்து நகர்ந்து படித்தாய். நான் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு தாண்டித் தாண்டிப் போனேன்.

"அம்மா, இது மெத்தடே இல்லம்மா. லோயர் கேம்ப்ல இருந்து தேனி வரைக்கும் போற ரோடு. வழியில ஒரு ஊர்ப் பலகைகூடக் கெடையாது."

"வண்டி போகுதுல்ல? போற ரோட்ட எதுக்குலே தோண்டுற?"

"ஒனக்கு மட்டுந்தானம்மா ஓட்டத் தெரியும். இன்னொருத்தர் வந்தா எங்கன திரும்புறதுன்னே தெரியாது. ஒரு மெத்தட் ஒரு வேலையத்தான் செய்யணும். அதோட பேரப் படிச்சாலே என்ன செய்யுதுன்னு வெளங்கணும்."

"முறை மாறிப்போச்சுன்னா ஊர் என்னையத்தான் கேக்கும்."

"முறை ஒண்ணும் மாறாது. அதே தண்ணி, அதே நேரத்துக்கு, அதே வயலுக்குத்தான் போகும். படிக்கிறவுகளுக்குப் புரியும், அம்புட்டுத்தான்."

பதினாலாவது தாளுக்கும் இருபத்திரண்டாவது தாளுக்கும் நடுவில் நீ ரெண்டு மூன்று தடவை போய்ப் போய் வந்தாய். "இங்கன பாரும்மா. தேதிங்கிற ஒரே பேர மேல ஒண்ணுக்கும் கீழ இன்னொண்ணுக்கும் வச்சிருக்க. என்னைக்காவது மோதிக்கும்" என்றாய். ஏழு வருஷமாக மோதவில்லை, போய்க் குளி என்று விரட்டினேன். நினைவிருக்கிறதா? எனக்கு ஒரு நாள்கூட மறக்கவில்லை.

லீவு முழுக்க, ஒன்பது நாள் உட்கார்ந்து அதைச் சின்னச் சின்னதாகப் பிரித்தாய். பழைய பட்டியலையும் புதுப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரி பார்த்தாய். ஊருக்குப் போகும் அன்று, "ஓட்டிப் பாரும்மா" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாய். நான் ஓட்டிப் பார்க்கவில்லை. திறந்துகூடப் பார்க்கவில்லை. என் குழம்பில் வேறு ஒருத்தர் உப்புப் போட்ட மாதிரி இருந்தது எனக்கு. நீ சொன்னது சரி என்று உள்ளுக்குள் தெரிந்ததால் இன்னும் எரிச்சல். அந்த ஃபோல்டரை ஒரு மூலையில் போட்டுவிட்டுப் பழையதையே ஓட விட்டேன். மகனுக்கு அறிவு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் நான் வீம்பு பிடித்தேன்.

அந்த வருஷம் பொங்கலுக்குக் கொஞ்ச நாள் முன்னால் தவசி மாமாவின் மனைவி பேச்சியம்மாள் அத்தை இறந்துபோனார். கடைமடையில் வயல் வைத்திருந்தாரே, நீ தாத்தா தாத்தா என்று கூப்பிடுவாயே, அந்தத் தவசி மாமா. துக்க வழக்கப்படி அவர் முறை பக்கத்து வயலுக்குப் போனது. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதியை ப்ரோகிராம் சரியாகத்தான் குறித்து வைத்தது. இடையில் பொங்கல் வந்தது. மெத்தடின் கீழ்ப் பாதியில், பொங்கல் அடைப்பு முடிகிற தேதியை அதே பெயரில், அதே இடத்தில் நான் எழுதச் சொல்லியிருந்தேன். மேலே குறித்தது அழிந்துபோனது. அதுவரை எந்தச் சாவும் பொங்கலை ஒட்டி விழவில்லை, அதனால் மோதவில்லை. நீ சொன்னபடியே, நீ சொன்ன இடத்திலேயே மோதியது.

தவசி மாமா கருமாதி முடித்துவிட்டு, மெசேஜ் வரும் என்று போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கேட்கவில்லை. துக்க வீட்டுக்காரர் கேட்க மாட்டார் இல்லையா. அடுத்த வழக்கமான முறை வந்து சேர்வதற்குள், சூல் கட்டின பயிர் காய்ந்து, வெளிவந்த கதிரெல்லாம் பதராகிவிட்டது. அத்தை இருந்தவரை அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து நட்ட கடைசி நடவு அது.

மாசியில் சங்கத்துக் கூட்டம் போட்டார்கள். அன்று காலையிலேயே நான் மெத்தடைத் திறந்து தேடி, தப்பைக் கண்டுபிடித்துவிட்டேன். இதை இன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொல்கிறேன். கூட்டத்துக்குப் போகும்போதே எனக்குத் தெரியும். பரீட்சை லீவுக்கு வந்திருந்த நீதான் என்னை பைக்கில் கொண்டுபோய் விட்டாய். உள்ளே முழுக்க ஆம்பளைகள். நான் ஒருத்திதான் பொம்பளை. தலைவர் கேட்டார், "ஏழு வருசமா ஆகாதது இப்ப எப்படிம்மா ஆச்சு?" அந்தப் பழைய சிரிப்பு மறுபடி காதில் கேட்டது. என் வாய் தானாகப் பேசியது. "தம்பி லீவுக்கு வந்தப்ப அதுல கைய வச்சுட்டான். சின்னப் பிள்ள, தெரியாமச் செஞ்சுட்டான்."

நீ கதவோரமாக நின்றுகொண்டிருந்தாய். உன் எழுத்து ஒரு நாள்கூட ஓடவில்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ என்னைப் பார்த்தாய். நான் பலகையைப் பார்த்தேன். யாரோ, "படிச்ச திமிரு" என்றார்கள். தவசி மாமாதான் கையமர்த்தினார். "விடுங்கப்பா, படிக்கிற பிள்ள. எனக்கு ஒரு போகம் போனாப் போகுது. ஆத்தா, நீ அவன வையாத" என்று என்னிடம் சொன்னார். என்னிடம்.

நீ என்னை வாசலில் இறக்கிவிட்டுப் போனாய். அப்பாதான் அடுப்படிக்கு வந்து, "அவன் எழுதுனது ஓடவே இல்லைன்னு நீதான சொன்ன?" என்று கேட்டார். உங்களுக்கு கம்ப்யூட்டரைப் பற்றி என்ன தெரியும் என்று அவர் மேல் பாய்ந்தேன். பிறகு நீ படிப்பை முடித்தாய், பெங்களூரில் வேலை கிடைத்தது, போய்விட்டாய். வருஷத்துக்கு ஒரு தடவை, வீரபாண்டித் திருவிழாவுக்கு வந்து அம்மனைக் கும்பிட்டுவிட்டு மறுநாளே பஸ் ஏறுவாய். சென்டர் பக்கம் வரவே மாட்டாய். நானும் கேட்க மாட்டேன். அந்த மெத்தடில் இன்னொரு நிபந்தனையைச் செருகித் தப்பை மூடிவிட்டேன். முப்பத்திரண்டாவது தாள்.

தவசி மாமாவை எத்தனையோ தடவை கடைத்தெருவில் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும், "பிள்ள எப்படி இருக்கான்? சம்பளம் கூடுதலா வருதா?" என்று கேட்பார். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன், சொல்லாமல் வந்துவிடுவேன். போன ஐப்பசியில் அவர் இறந்துபோனார். மாலை போட்டுவிட்டு, எல்லாரும் அழுகிறார்களே என்று நானும் சேர்ந்து அழுதேன். மற்றவர்கள் அழுதது வேறு, நான் அழுதது வேறு.

அதற்குப் பிறகு இந்தப் போகத்துக்குப் புதிதாக ஒரு கிளை வாய்க்காலைச் சங்கத்தில் சேர்த்தார்கள். ப்ரோகிராமை மாற்ற வேண்டும். என் கண்ணைச் சர்க்கரை தொட்டுவிட்டது, தேனியில் டாக்டர் சொல்லிவிட்டார். எழுத்தைப் பெரிதாக்கினால் திரையில் பத்து வரிதான் தெரிகிறது. நான் எழுதிய மெத்தடுக்குள் நானே மூன்று நாள் வழி தெரியாமல் சுற்றினேன். இங்கே இதை ஏன் எழுதினேன், இந்தப் பெயர் எதைக் குறிக்கிறது, ஒன்றும் பிடிபடவில்லை. நாலாவது நாள், வேறு வழியில்லாமல், உன் ஃபோல்டரைத் திறந்தேன்.

தம்பி, முதல் பக்கத்தைப் படித்தேன். பத்தே வரி. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்ப் பெயர்கள். முறைப்பட்டியலை எடு. துக்க வீடுகளைத் தள்ளி வை. பொங்கல் அடைப்பைக் கழி. தூர் வாரும் நாளைக் கழி. விட்ட முறையைத் திருப்பிக் கொடு. எல்லாருக்கும் செய்தி அனுப்பு. ஒவ்வொன்றையும் திறந்தால் உள்ளே ஏழெட்டு வரி, அதற்கு மேல் இல்லை. துக்க வீட்டுத் தேதி துக்க வீட்டு மெத்தடுக்குள் இருந்தது, பொங்கல் தேதி பொங்கல் மெத்தடுக்குள் இருந்தது. ஒன்று இன்னொன்றைத் தொடவே முடியாது. அப்பாவை உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். "இது நம்ம வாய்க்கா வழக்கமில்ல? இதுல கம்ப்யூட்டரு எங்கன இருக்கு?" என்றார். அன்றைக்கே இதை ஓட விட்டிருந்தால் தவசி மாமாவின் பயிர் காய்ந்திருக்காது.

ஒரே ஒரு மெத்தட் மட்டும் காலியாக இருந்தது. 'திருப்பி வாங்க வேண்டியவர் இல்லாமல் போனால்' என்று பெயர் வைத்திருந்தாய். உள்ளே ஒரு குறிப்பு: அம்மாகிட்ட கேக்கணும். ஒன்பது நாளில் நீ அதைக் கேட்கவே இல்லை. என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு விட்டிருப்பாய்.

பதில் எனக்குத் தெரியும். முறை ஆளுக்கு இல்லை, நிலத்துக்கு. இன்றைக்கு அந்த நிலத்தில் யார் நிற்கிறார்களோ அவர்களிடம் கொடுக்க வேண்டும். மறுநாள் காலையில் கடைமடைக்குப் போனேன். தவசி மாமாவின் மகள் ஈஸ்வரி களை எடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். என் எழுத்து, என் தப்பு, என் மகன் தொடவே இல்லை என்று.

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "மதினி, அந்தப் பதராப் போன பயிர அப்பா மாட்டுக்குத்தான் அறுத்தாக. மூணு நாளு ஒங்க மகந்தான் கூட நின்னு அறுத்தான். 'நான் செஞ்சதுதான் தாத்தா, மன்னிச்சுருங்க'ன்னு கால்ல விழுந்தான். அப்பா தூக்கி விட்டாக. அம்மாட்டச் சொல்லாதீகன்னு சொல்லிட்டுப் போனான்." பிறகு, "எங்கப்பா இருக்கையில வந்து சொல்லியிருக்கலாம் மதினி" என்றாள்.

அந்த மூன்று நாளும் நீ கெங்குவார்பட்டியில் சிநேகிதன் வீட்டில் இருப்பதாகச் சொல்லியிருந்தாய். கையெல்லாம் கீறலோடு வந்தாய். எங்கே விழுந்தாய் என்று அதற்கும் நான் உன்னைத் திட்டினேன். நீ செய்யாத தப்புக்கு நீ காலில் விழுந்திருக்கிறாய், உன் அம்மா ஊரில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும் என்பதற்காக. வரப்பில் உட்கார்ந்து, ஈஸ்வரி பார்க்கிறாளே என்றுகூட இல்லாமல், அழுதேன்.

புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் அம்மா ஆயிற்றே, சொல்லாமல் இருக்க முடியாது. போகிற இடத்தில் உனக்குக் கீழே பிள்ளைகள் வேலை செய்வார்கள். ஒருத்தன் வந்து, நீங்கள் எழுதியது புரியவில்லை என்று சொன்னால், அவன் உன்னைத் திட்டுவதாக எடுத்துக்கொள்ளாதே. உட்கார வைத்து எந்த இடம் என்று கேள். அவன் பிரித்து எழுதிக் கொண்டுவந்தால் ஓட்டிப் பார். நான் அதைச் செய்யவில்லை, அதற்கு விலை கொடுத்தது நான் இல்லை.

இந்தப் போகம் முழுக்க உன் ப்ரோகிராம்தான் ஓடுகிறது. ஒரு முறைகூடத் தவறவில்லை. காலியாக இருந்த மெத்தடில் மூன்று வரி எழுதிவிட்டேன். ஆனால் உனக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியதற்கு அந்த மூன்று வரி உதவாது. நீ இருக்கிறாய். உன் கையில்தான் கொடுக்க வேண்டும். ஆறு வருஷமாக நீ கேட்கவில்லை. கேட்கிற ஆள் நீ இல்லை. கொண்டுவந்து கொடுக்க வேண்டியவள் நான்.

அப்பா அடுப்படியில் மைதாப் பசை காய்ச்சிக்கொண்டிருக்கிறார். இதை ஒட்டிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் தேனியில் பஸ் ஏறுகிறோம். உனக்கு ஊருக்கு வர நேரம் இல்லை, பரவாயில்லை, நாங்கள் வருகிறோம். கதவைத் திறந்ததும் சாப்பிட்டியாம்மா என்று கேட்டுவிடாதே. முதலில் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.